"உனக்கு என்ன வேணும்?": ஒரு கோர்ட் கேஸும் சில காதல் படங்களும்

1/
1939-ல் வந்த ஒரு தமிழ்ப் படத்தில் ஒரு கோர்ட் சீன். வழக்குப் போட்டவன் கணவன், எதிர்த்து நிற்பவள் மனைவி. திருட்டு, கொலை, சொத்துத் தகராறு எதுவும் கிடையாது. "என் மனைவி என்னோடு வந்து வாழணும், அதுக்கு உத்தரவு போடுங்க" என்பதுதான் கேஸ். அவள் முடியாது என்கிறாள். வேண்டுமானால் ஜீவனாம்சம் நான் தருகிறேன் என்கிறாள். ஆமாம், அவள் அவனுக்கு!

2/
44 வருஷம் கழித்து, 1983-ல், அதே மாதிரி ஒரு வழக்கில் ஒரு ஹைகோர்ட் தீர்ப்பு வந்தது. இந்த முறை எதிர்த்து நின்றவர் தென்னிந்திய சினிமாவின் நிஜக் கதாநாயகி ஒருவர். சட்டம் படிக்கிற பிள்ளைகள் இன்றைக்கும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறார்கள். சினிமா பார்க்கிற நமக்குத்தான் பெரும்பாலும் தெரியாது.

இந்த இரண்டு வழக்குகளுக்கும் நடுவே நம்ம காதல் படங்களும் பாட்டுகளும் பெண்ணிடம் என்ன கேட்டன, என்ன கேட்காமல் விட்டன என்பதுதான் இந்த இழை. கொஞ்சம் நீளம். டீ எடுத்துக்கிட்டு உட்காருங்க.

3/
டாக்டருக்கு சினிமாவில் என்ன வேலைன்னு கேட்கலாம். எங்க தொழிலில் தினமும் புழங்குற ஒரு சொல் 'சம்மதம்'. ஆபரேஷனுக்கு முன்னாடி ஃபாரத்தில் கையெழுத்து வாங்குவோம்ல, அதுதான். அதுக்கு ஒரு அடிப்படை விதி உண்டு: "வேண்டாம்" என்று சொல்ல இடம் இருந்தால்தான் "சரி" என்பதற்கு மதிப்பு. நோயாளி மறுக்கவே முடியாத நிலையில் வாங்கிய கையெழுத்து வெறும் மை.

காதல் கதைக்கும் இதே விதியைப் போட்டுப் பார்த்தால் நம்ம சினிமா சரித்திரம் வேற மாதிரி தெரியுது. வாங்க.

4/
முதலில் அந்த 1939 படம். 'தியாகபூமி'. கதை கல்கி. இயக்கம் கே.சுப்ரமண்யம். ஆனந்த விகடனில் தொடர்கதை ஓடிக்கொண்டிருந்தபோதே படமும் தயாராகி, படத்தின் ஸ்டில்களே தொடருக்குப் படங்களாக அச்சாகின. அன்றைக்கு அது பெரிய புதுமை.

நாயகி சாவித்திரியாக எஸ்.டி.சுப்புலக்ஷ்மி. அப்பா சம்பு சாஸ்திரியாக பாபநாசம் சிவன்.

5/
சாவித்திரி கிராமத்துப் பெண். கல்யாணம் முடிந்தும் நாகரிகம் தெரியாதவள் என்று கணவனால் ஒதுக்கப்படுகிறாள். மாமியார் கொடுமை வேறு. கைக்குழந்தையோடு தெருவுக்கு வருகிறாள். பிறகு ஒரு உறவின் சொத்து கிடைத்து உமாராணி என்ற பெயரில் பணக்காரியாகத் திரும்பி வருகிறாள். அப்போதுதான் கணவனுக்குப் பாசம் பொங்குகிறது. சேர்ந்து வாழக் கூப்பிடுகிறான். அவள் மறுக்க, கோர்ட்டுக்குப் போகிறான்.

6/
அவளுக்கு என்ன வேணும்? இன்னொரு காதலன் கதையில் கிடையாது. "மறுபடியும் அந்த வீட்டுக்குப் போக மாட்டேன்" என்பதுதான் அவள் விருப்பம். கடைசியில் தேச சேவையில் இறங்குகிறாள். அடுத்த வருஷம் பிரிட்டிஷ் அரசு படத்தைத் தடை செய்தது. காரணம் அதில் இருந்த காங்கிரஸ் பிரசாரம். அதனால் சினிமா வரலாற்றில் 'தேசபக்திப் படம்' என்ற பெயரே அதுக்கு நிலைத்துவிட்டது. கோர்ட்டில் நின்ற அந்தப் பெண்ணை நாம் கொஞ்சம் மறந்துட்டோம்.

7/
கல்கி இந்த வழக்கைக் கற்பனையில் இருந்து மட்டும் எடுக்கவில்லை. இப்படி ஒரு சட்டம் நிஜமாவே இருந்தது, ரொம்பப் பிரபலமான ஒரு கேஸும் நடந்திருந்தது. அந்த கேஸின் நாயகி எங்க ஆள். ஒரு டாக்டர். பெயர் ருக்மாபாய்.

8/
ருக்மாபாய் பம்பாய்க்காரர். பிறப்பு 1864. 11 வயதில் கல்யாணம். கணவர் தாதாஜி பிகாஜி. பெண் பிறந்த வீட்டிலேயே வளர்ந்து, படித்தார். 1884-ல் கணவர் "என்னோடு வந்து வாழ உத்தரவிடணும்" என்று பம்பாய் ஹைகோர்ட்டில் வழக்குப் போட்டார். 1885-ல் நீதிபதி பின்ஹே ருக்மாபாய் பக்கம் தீர்ப்பளித்தார். விவரம் புரியாத வயதில் கட்டிவைக்கப்பட்ட பெண்ணை, வளர்ந்த பிறகு அவள் விருப்பத்துக்கு மாறாக இழுத்துப்போகச் சொல்ல முடியாது என்பது அவர் நிலை.

9/
மேல்முறையீட்டில் அது நிற்கவில்லை. 1887-ல் மறு விசாரணையில் உத்தரவு: கணவனோடு போய் வாழ், இல்லாவிட்டால் 6 மாசம் சிறை. ருக்மாபாய் சொன்ன பதில்: சிறைக்கே போகிறேன்.

நாடே இரண்டாகப் பிரிந்து சண்டை போட்டது. 1888-ல் 2,000 ரூபாய் கொடுத்து சமரசம் ஆனது. 1889-ல் அவர் லண்டனுக்குப் போய் பெண்களுக்கான மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். டாக்டராகத் திரும்பி வந்து சூரத்திலும் ராஜ்கோட்டிலும் பல பத்தாண்டுகள் வேலை பார்த்தார். 1955 வரை வாழ்ந்தார்.

10/
ஒரு சின்ன விஷயம் கவனிங்க. மனைவியைச் சேர்ந்து வாழக் கட்டாயப்படுத்தும் இந்த வழக்கு நம்ம தர்மசாஸ்திரத்தில் இருந்து வந்ததல்ல. இங்கிலாந்து சர்ச் கோர்ட் சரக்கு. கப்பலில் வந்து இறங்கியது. இங்கிலாந்து 1970-ல் அதை ஒழித்துவிட்டது. நாம் 1955-ல் இந்து திருமணச் சட்டத்தில் பிரிவு 9 ஆகப் பத்திரமா வைத்துக்கொண்டோம். கணவன், மனைவி யார் வேண்டுமானாலும் போடலாம். கோர்ட் வட்டாரத்தில் பேச்சு வழக்கில் 'சேர்ந்து வாழ கேஸ்'.

11/
சரி, சினிமாவுக்கு வருவோம். 1939-ல் ஒரு பெண் கோர்ட்டில் நின்று "மாட்டேன்" என்று சொன்ன பிறகு தமிழ் சினிமா அந்தப் பாதையிலேயே போயிருக்கணும்ல? போகவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு காதல் கதைகளில் கேள்வியே மாறிப்போனது. "இவளுக்கு என்ன வேணும்" என்ற இடத்தில் "இவள் எதை விட்டுக்கொடுப்பாள்" வந்து உட்கார்ந்தது.

12/
ஸ்ரீதர் இயக்கிய 'கல்யாணப் பரிசு' (1959) பார்த்திருப்பீங்க. தங்கை ஒருவனைக் காதலிக்கிறாள். அக்காவும் அவனையே விரும்புகிறாள் என்று தெரிந்ததும் தங்கை விட்டுக்கொடுக்கிறாள். ஏ.எம்.ராஜாவின் பாட்டுகள் இன்னும் ரேடியோவில் வருது. கேட்டால் மனசு கரையும். ஆனால் அந்தத் தியாகத்தால் அக்கா, தங்கை, அவன் என மூணு பேரும் நொறுங்குகிறார்கள். ஸ்ரீதர் அதை மறைக்காமல் காட்டினார். நாம்தான் தியாகத்தை மட்டும் எடுத்துக்கிட்டு நொறுங்கலை விட்டுட்டோம்.

13/
அடுத்து டாக்டர்களுக்குப் பிடித்த படம்: 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962). மறுபடியும் ஸ்ரீதர். ஏறக்குறைய முழுக் கதையும் ஒரு ஆஸ்பத்திரிக்குள். புற்றுநோயோடு வரும் கணவன் முத்துராமன், மனைவி தேவிகா. ஆபரேஷன் பண்ண வேண்டிய டாக்டர் கல்யாண்குமார் அவளுடைய பழைய காதலன். விஷயம் தெரிந்த கணவன் மனைவியிடம் சொல்கிறான்: நான் செத்துப்போனால் நீ அந்த டாக்டரைக் கட்டிக்கொள்.

14/
தாராள மனசுதான். 1962-க்கு ரொம்பவே. ஆனால் அதுக்குப் பிறகு வரும் பி.சுசீலாவின் பாட்டைக் கவனிச்சுக் கேளுங்க. சித்தார் அழும், அவள் கணவனைக் கேள்வி கேட்பாள். நீயா இதைச் சொன்னது என்ற தொனி. இரண்டு ஆண்கள் பெருந்தன்மையோடு அவள் எதிர்காலத்தை முடிவு செய்துகொண்டிருக்கிறார்கள், யாரும் அவளைக் கேட்கவில்லை. படம் முழுக்க அவள் தரப்பைச் சொல்வது வசனத்தை விட அந்த ஒரு பாட்டுதான்.

15/
இது தமிழ் சினிமாவில் ஒரு பழக்கம். கதையில் பேச இடம் இல்லாத பெண்ணுக்குப் பாட்டில் இடம் கிடைக்கும். சுசீலாவும் ஜானகியும் பாடியதை எல்லாம் வரிசையாகக் கேட்டால் ஒரு தலைமுறைப் பெண்களின் ஆசை, ஏக்கம், கோபம் எல்லாமே அதில் இருப்பதாகத் தோன்றும். வீட்டில் வாய் திறக்காத நம்ம அம்மாக்கள், பாட்டிகள் அடுப்படியில் முணுமுணுத்தது அதைத்தானே.

16/
ஆனால் அந்த ஆசைகளை எழுதியது யார்? கண்ணதாசன், வாலி, பட்டுக்கோட்டையார், மருதகாசி. எல்லாருமே ஆண்கள், எல்லாருமே மேதைகள், சந்தேகமே இல்லை. பெண் எழுதிய பாட்டு என்று தேடினால் 'குடியிருந்த கோயில்' (1968) படத்தில் ரோஷனாரா பேகம் எழுதிய ஒரு பாட்டு சட்டென நினைவுக்கு வரும். அப்புறம் யோசிக்கணும்.

17/
இத்தனைக்கும் பெண் தன் ஆசையைத் தானே சொல்வது நம் மொழிக்குப் புதுசா? குறுந்தொகையில் வெள்ளிவீதியார் இருக்கிறார். ஆண்டாள் இருக்கிறாள். உடம்பின் ஏக்கத்தை மறைக்காமல் சொன்னவர்கள். ஆயிரம் வருஷத்துக்கு மேல் பழைய மரபு இது. சினிமா வந்தபோது பெண்ணுக்கு மைக் கிடைத்தது, பேனா கிடைக்கவில்லை.

18/
அதன் விளைவு ஒன்று சொல்றேன். பழைய டூயட்களில் அடிக்கடி வரும் ஒரு விளையாட்டு: அவள் வேண்டாம் என்பாள், அவன் சிரிப்பான், கேட்கிற நமக்கு அது சம்மதம் என்று புரியும். விருப்பம் உள்ள இரண்டு பேருக்குள் அது அழகான ஊடல்தான், சங்கப் பாட்டிலேயே உண்டு. சிக்கல் எங்கேன்னா, முன்பின் தெரியாத பெண்ணின் மறுப்புக்கும் அதே அர்த்தத்தைக் கதாநாயகன் எடுத்துக்கொண்டபோது. ஊடல் என்பது சம்மதம் முடிந்த பிறகு வருவது. அதை முன்னாடி கொண்டுவந்து வைத்துவிட்டோம்.

19/
1970-களில் கொஞ்சம் காற்று மாறியது. கே.பாலசந்தரின் 'அவள் ஒரு தொடர்கதை' (1974). சுஜாதா. வேலைக்குப் போய்க் குடும்பத்தையே சுமக்கும் கவிதா. கல்யாணம் கைகூடும் நேரத்தில் அதையும் விட்டுக்கொடுத்துவிட்டு மறுபடி வேலைக்குப் பஸ் ஏறுகிறாள். மறுபடியும் தியாகமா என்று கேட்கலாம். ஒரு வித்தியாசம் உண்டு: இந்தப் பெண் கோபப்படுகிறாள். தனக்கும் ஆசை உண்டு என்று வீட்டில் எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்கிறாள்.

20/
அப்புறம் 1978 தீபாவளிக்கு வந்த 'அவள் அப்படித்தான்'. இயக்கம் ருத்ரய்யா. கமல், ரஜினி இருவரும் இருந்தும் படத்தின் மையம் ஸ்ரீப்ரியா நடித்த மஞ்சு. கதையைக் கேளுங்க: கமல் பெண்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பவர். பெண்களிடம் மைக்கை நீட்டி வாழ்க்கையைப் பற்றிக் கேட்டுப் பதிவு செய்கிறார். அதாவது "உனக்கு என்ன வேணும்" என்று கேட்பதுதான் அவர் வேலையே!

21/
அப்படிக் கேட்கிற மனிதரே, பக்கத்தில் நிற்கும் மஞ்சு பதில் சொன்னால் தடுமாறுகிறார். காயப்பட்ட பெண், சட்டென எரிந்து விழுவாள், அடுத்த நிமிஷம் குழந்தை மாதிரி நம்புவாள். கடைசியில் அவர் ஊருக்குப் போய், பெண் விடுதலை பற்றிக் கேட்டால் ஒண்ணும் தெரியாது என்று சொல்லும் ஒரு சாதுவான பெண்ணைக் கட்டிக்கொண்டு வருகிறார். நல்லவர்தான், கேள்வி கேட்கத் தெரிந்தவர்தான். பதில் கேட்கிற பொறுமைதான் இல்லை. எங்க தொழிலிலும் இப்படி நிறைய பேர் உண்டு.

22/
இப்போ அந்த 1983 வழக்கு.

'மரோ சரித்ரா' (1978) நினைவிருக்கா? பாலசந்தரின் தெலுங்குப் படம். டப்பிங், ரீமேக் எதுவும் இல்லாமல் தெலுங்கிலேயே சென்னையில் மாசக்கணக்கில் ஓடியது. கமலுக்கு ஜோடி சரிதா. பிறகு 'தண்ணீர் தண்ணீர்', 'அச்சமில்லை அச்சமில்லை' என்று தமிழில் நடித்துக் குவித்தவர். தமிழ்ப் பெண்ணின் கோபத்துக்கு முகம் கொடுத்த நடிகைகளில் முக்கியமானவர்.

23/
சினிமாவுக்கு வரும் முன், பள்ளியில் படிக்கும் வயதில் அவருக்குத் திருமணம் நடந்து, சீக்கிரமே பிரிவும் நடந்திருந்தது. பிறகு கணவர் பிரிவு 9-ன் கீழ் மனுப் போட்டார். மனைவி வந்து சேர்ந்து வாழணும். விஷயம் ஆந்திர ஹைகோர்ட்டுக்குப் போனது. 1983 ஜூலையில் நீதிபதி பி.ஏ.சவுத்ரி தீர்ப்பளித்தார்: பிரிவு 9 அரசியல் சட்டத்துக்கு விரோதம், செல்லாது.

24/
அந்தத் தீர்ப்பின் காரணத்தை ஒரு டாக்டராகப் படிக்கும்போது நிமிர்ந்து உட்கார வைக்குது. சுருக்கமா என் வார்த்தையில்: சேர்ந்து வாழ உத்தரவு என்றால் உடலுறவுக்கும் உத்தரவு என்றுதான் அர்த்தம். அதனால் கர்ப்பம் வரலாம். தன் உடம்பில் ஒரு குழந்தை உருவாகணுமா, எப்போது, யாரால் என்ற முடிவைப் பெண்ணின் கையில் இருந்து பிடுங்கி அரசாங்கத்திடம் கொடுக்கிறது இந்தச் சட்டம். சட்டம் இருபாலருக்கும் பொது என்று சொன்னாலும், வயிறு பெண்ணுக்குத்தானே.

25/
ஒரு வருஷம்தான். 1984 ஆகஸ்டில் வேறொரு வழக்கில் சுப்ரீம் கோர்ட் இதை ஏற்கவில்லை. பிரிவு 9 செல்லும், உடைந்துபோகும் குடும்பத்தைக் காப்பாற்ற உதவும் ஏற்பாடு அது என்றது. உத்தரவை மீறினால் இன்று சிறை கிடையாது, சொத்தை ஜப்தி செய்யலாம். பிரிவு 9 இன்னமும் சட்டப் புத்தகத்தில் இருக்கு.

26/
அதே 1984-ல் தியேட்டரில் என்ன ஓடியது தெரியுமா? பாரதிராஜாவின் 'புதுமைப் பெண்'. ரேவதி. சிறைக்குப் போன கணவனை மீட்கப் பாடுபடுகிறாள் மனைவி. வெளியே வந்தவன் அவள் நடத்தையைச் சந்தேகப்படுகிறான். அவள் வீட்டை விட்டு வெளியேறுகிறாள். படம் அதோடு முடிகிறது. கோர்ட் வாசலைச் சாத்திய வருஷத்தில் சினிமா திறந்து விட்டது.

27/
இரண்டு வருஷம் கழித்து, 1986-ல், மறுபடியும் ரேவதி. 'மௌன ராகம்'. மணிரத்னம். விருப்பமில்லாமல் கல்யாணம் செய்துகொண்டு டெல்லிக்கு வருகிறாள் திவ்யா. கணவன் மோகன் ஆசையாக, உனக்கு என்ன பரிசு வேணும் என்று கேட்கிறான். அவள் கேட்டது விவாகரத்து.

தமிழ் சினிமாவில் "உனக்கு என்ன வேணும்" என்ற கேள்விக்குக் கிடைத்த மிக நேர்மையான பதில் இதுதான்னு நினைக்கிறேன்.

28/
அதைவிட முக்கியம், அவன் அடுத்து செய்தது. வக்கீலிடம் கூட்டிப்போகிறான். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாமல் மனுப் போட முடியாது என்கிறார்கள். அது நிஜ சட்டமும்கூட, இந்து திருமணச் சட்டம் பிரிவு 14. நீ தொட்டால் புழு ஊர்கிற மாதிரி இருக்கு என்கிறாள் அவள். அதன் பிறகு அவன் அவள் பக்கம் கையை நீட்டுவதில்லை. ஒரே வீட்டில் தள்ளி நின்று காத்திருக்கிறான்.

29/
கடைசியில் அவள் அவனோடு இருக்கவே முடிவு செய்கிறாள். "பார்த்தியா, கடைசியில் தாலிதான் ஜெயிச்சது" என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அப்படித் தோணலை. விவாகரத்து மனு கையில் இருக்கிறது, போக வழி திறந்திருக்கிறது, அப்போது இருக்கிறேன் என்கிறாள். முதல் நாள் கழுத்தை நீட்டியதுக்கும் இதுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். கோர்ட் உத்தரவால் இந்த முடிவை வாங்கியிருக்க முடியுமா, யோசிங்க.

30/
மூணாவது ரேவதி: 'மறுபடியும்' (1993), பாலு மகேந்திரா. மகேஷ் பட்டின் 'அர்த்' இந்திப் படத்தின் ரீமேக். கணவன் வேறொரு பெண்ணிடம் போய்விட்டுத் திரும்பி வருகிறான், இவள் ஏற்கவில்லை. நல்லவனாக ஒரு நண்பன் கல்யாணம் கேட்கிறான், அதையும் மறுக்கிறாள். காதலே பிடிக்காதவள் என்று இல்லை. இப்போதைக்குத் தனியாக நிற்கணும் என்பது அவள் ஆசை. அடுத்த வருஷமே 'மகளிர் மட்டும்' (1994). ஆபீஸில் மேலதிகாரியின் சீண்டலை மூணு பெண்கள் சேர்ந்து எதிர்க்கும் காமெடி. பணியிடச் சீண்டலுக்கு சுப்ரீம் கோர்ட் விசாகா வழிகாட்டுதல் தந்தது அதுக்கு அப்புறம், 1997-ல்.

வெளியேறினாள், காத்திருந்து தங்கினாள், இருவரையும் மறுத்தாள், எதிர்த்தாள். பத்து வருஷத்தில் ஒரே நடிகை, நாலு விதமான பதில்.

31/
இதே காலத்தில்தான் இன்னொரு பக்கம் 'துரத்தல் பாட்டு' பெருத்தது. பஸ் ஸ்டாப், காலேஜ் வாசல், நண்பர்கள் கூட்டம், நடுவில் தனியாக ஒரு பெண். அவள் முகம் சுளிப்பாள், இவர்கள் ஆடுவார்கள். இடைவேளைக்குப் பிறகு அவள் அவனையே காதலிப்பாள். நல்ல மெட்டு, நல்ல டான்ஸ், நாமும் ஆடினோம்.

1998-ல் சென்னையில் தெருவில் சீண்டலுக்கு ஆளான ஒரு கல்லூரி மாணவி இறந்தார். அதைத் தொடர்ந்து தமிழ்நாட்டில் ஈவ்டீசிங் தடைச் சட்டம் வந்தது.

32/
2013-ல் நாடு முழுதுக்கும் பின்தொடர்தல் தனிக் குற்றமானது. சட்டத்தின் விளக்கம்: விருப்பம் இல்லை என்று பெண் தெளிவாகக் காட்டிய பிறகும் திரும்பத் திரும்பப் பின்தொடர்ந்து தொடர்புகொள்ள முயல்வது. இதைப் படிக்கும்போது உங்க மனசில் எத்தனை ஹிட் பாட்டு ஓடுதுன்னு எண்ணிப் பாருங்க. எனக்கு ஒரு கைவிரல் போதவில்லை.

சினிமா பார்த்துத்தான் கெட்டுப்போகிறான் என்று நான் சொல்லவில்லை, அவ்வளவு எளிமையான கணக்கு இல்லை. ஆனால் மறுப்பு என்பது காதலின் முதல் படி என்று கற்றுக்கொடுக்க வேறு வாத்தியார் நம்ம ஊரில் யாரும் இல்லை என்பதும் உண்மை.

33/
பேனா கைமாறினால் என்ன ஆகும்? 2001-ல் 'மின்னலே'. ஹாரிஸ் ஜெயராஜின் முதல் படம். பாம்பே ஜெயஸ்ரீ பாடிய அந்தப் பாட்டை எழுதியவர் தாமரை. அதில் அந்தப் பெண்ணுக்கு வேண்டியவை எல்லாம் வீட்டுக்குள் நடக்கிற சின்னச் சின்ன விஷயங்கள். தூக்கம், குளியல், மழை, போர்வை. அவனை அவள் விரும்புகிறாள், அவள்தான் கேட்கிறாள், கூச்சமில்லாமல். ஆபாசம் ஒரு சொல் இல்லை. ஆண்களும் அதை முணுமுணுத்தார்கள்.

34/
இப்போ ஆஸ்பத்திரிக்கு வரேன். இந்த இழையை எழுதக் காரணமே அதுதான்.

கர்ப்பிணி படுத்திருப்பாள். பக்கத்தில் கணவன், மாமியார், அம்மா. "என்னம்மா பண்றது?" என்று அவளைக் கேட்டால் அவள் கணவன் முகத்தைப் பார்ப்பாள். கணவன் தன் அம்மா முகத்தைப் பார்ப்பான். ஃபாரத்தில் யார் கையெழுத்து என்று வந்தால் பேனா நேராகக் கணவன் கைக்குப் போகும்.

35/
சட்டம் என்ன சொல்லுது? 1971-ன் கருக்கலைப்புச் சட்டப்படி 18 வயது நிரம்பிய பெண்ணுக்கு அவள் சம்மதம் மட்டும் போதும். கணவன் கையெழுத்து தேவையில்லை. குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனுக்கும் அரசு விதிப்படி கணவன் அல்லது மனைவியின் சம்மதம் கட்டாயமில்லை. ஆனாலும் பல இடங்களில் கேட்கிறார்கள். நாளைக்குப் பிரச்சினை வந்தால் என்ற பயம்.

36/
2008-ல் சுப்ரீம் கோர்ட்டில் ஒரு வழக்கு. பரிசோதனைக்காக மயக்கம் கொடுக்கப்பட்ட ஒரு பெண்ணுக்கு, அவர் மயக்கத்தில் இருக்கும்போதே கர்ப்பப்பையும் சினைப்பைகளும் அகற்றப்பட்டன. கையெழுத்து போட்டது அவருடைய அம்மா. கோர்ட் தெளிவாகச் சொன்னது: உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, சுயநினைவுக்கு வந்து முடிவு சொல்லக்கூடிய ஒரு வயதுவந்த பெண்ணுக்குப் பதிலாக வேறு யாரும் சம்மதம் தர முடியாது. பெற்ற அம்மா ஆனாலும் சரி.

1962-ல் சுசீலாவின் குரல் கணவனிடம் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

37/
ஒரு இடம் மட்டும் இன்னும் அப்படியே கிடக்கிறது. புதிய நியாய சன்ஹிதாவில் பிரிவு 63-ல் ஒரு விதிவிலக்கு: 18 வயதுக்கு மேற்பட்ட மனைவியை அவள் விருப்பத்துக்கு மாறாகக் கணவன் உறவுகொண்டால் அது பாலியல் வன்புணர்வு ஆகாது. பிரிவு 9-ஐயும் இதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிங்க. 1884-ல் ருக்மாபாயிடம் கேட்காத கேள்வியை இன்னும் கேட்காமலே வைத்திருக்கிறோம். அதன் விளைவுகளைப் பார்ப்பது நாங்கள்தான். காரணமே சொல்லாத இடுப்பு வலி, தூக்கமின்மை, அடுத்தடுத்து வரும் கர்ப்பம் என்று ஓபியில் வந்து நிற்கும். கணவன் வெளியே போன பிறகு கேட்டால்தான் சிலர் வாய் திறப்பார்கள்.

38/
அதனால் ஒரு சின்ன வேண்டுகோள். வீட்டில் பிள்ளைகளோடு படம் பார்க்கிறீங்கல்ல, 'மௌன ராகம்' ஒருநாள் போடுங்க. பரிசு கேட்கும் அந்தக் காட்சியில் நிறுத்தி, "அவன் இதுக்குக் கோபப்பட்டு அடிச்சிருந்தா கதை என்ன ஆகியிருக்கும்?" என்று பையனிடம் கேளுங்க. பொண்ணிடமும் கேளுங்க. பாடம் எடுக்க வேண்டாம், பேச விடுங்க.

39/
பழைய பாட்டுகளைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. நானே டியூட்டி முடிந்து வரும்போது சுசீலாம்மா இல்லாமல் வண்டி ஓட்டுவதில்லை. கேட்கும்போது ஒன்றை மட்டும் யோசிங்க: இந்தப் பாட்டில் இருக்கிற பெண் "வேண்டாம்" என்று சொன்னால், அதோடு இந்தப் பாட்டு நின்றுவிடுமா, தொடருமா?

40/
டாக்டர்கள், நர்ஸ்கள் யாராவது படித்தால் உங்களுக்கும் ஒன்று: அடுத்த முறை ஃபாரத்தை நீட்டும் முன், கூட வந்தவர்களை ஐந்து நிமிஷம் வெளியே உட்காரச் சொல்லிட்டு அவளைக் கேளுங்க, உனக்கு என்னம்மா வேணும்னு. முதல் தடவை பதில் வராது. இரண்டாவது தடவையும் கேளுங்க.

இழை முடிந்தது. இந்த வரிசையில் நான் விட்ட படம், பாட்டு எது? சொல்லுங்க, எல்லாரும் தேடிப் பார்ப்போம்.